நடுக்கத்தின் வரலாறு

வெண்மணி ஈகியர் நினைவுச் சொற்பொழிவு – எழுத்து வடிவம்



வெண்மணியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், ராமய்யாவின் குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்ததும்தான் அந்தச் சேரி செய்த குற்றம். அதைப் பற்றி நாவல்கள் வந்திருக்கின்றன. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படம் வந்திருக்கிறது. கூலி, நிலம், கட்சி, நீதிமன்றம் என்று எல்லாக் கோணத்திலும் விவாதித்திருக்கிறோம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி ஓரமாகவே நின்றுவிட்டது. தப்பிப் பிழைத்தவர்களின் உடல்கள் என்ன ஆயின? ஓடி ஒளிந்து, பொழுது விடிந்து திரும்பி வந்து, சாம்பலைப் பார்த்த கண்கள் உள்ள உடல்கள். அதே வயல்களில் தை அறுவடைக்கு அரிவாள் பிடிக்க வேண்டியிருந்த கைகள். அந்த உடல்கள் நடுங்கியிருக்கும். அந்த நடுக்கம் எங்கே போனது?

இன்று அதைத்தான் பேச விரும்புகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடுக்கம் கோழைத்தனத்தின் அடையாளம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உண்மையில், ஆபத்திலிருந்து வெளியே வருவதற்கு உடல் தானாகச் செய்துகொள்ளும் வேலைகளில் ஒன்று அது. காவிரிக் கடைமடையில் சாதி நம் நிலத்தையும் கூலியையும் பறித்ததோடு, இந்த வேலையைச் செய்யும் உரிமையையும் நம் உடலிடமிருந்து பறித்தது. அதை மீட்பதும் விடுதலை அரசியலின் பகுதிதான்.

உடல் ஏன் நடுங்குகிறது

ஆபத்து வரும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி வேலை செய்யத் தொடங்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. பெரிய தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஓடு, அல்லது எதிர்த்து நில் என்று உடல் தயாராகிறது. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போகும்போது உடல் உறைகிறது. மூச்சு சிறுக்கிறது, தசை இறுகுகிறது. ஆபத்து விலகியதும் அந்த இறுக்கம் தளரத் தொடங்குகிறது. அப்போது பலருக்குக் கைகால் உதறும், பல் கிட்டிக்கொள்ளும். பேருந்து விபத்தில் தப்பியவரைப் பாருங்கள். மோதும்போது நிதானமாக இருந்தவர், சாலையோரம் உட்கார்ந்த பிறகுதான் நடுங்குவார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் உடனே வெடவெடவென்று வருவதுண்டு. நம் ஊர் மருத்துவச்சிகள் அதைப் பார்த்துப் பயந்ததில்லை. போர்த்திவிட்டு, வெந்நீர் கொடுத்து, கூட உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின் 1997இல் வெளியிட்ட நூலில், வேட்டை விலங்கிடமிருந்து தப்பிய விலங்குகள் உடலை உதறி மீள்வதைச் சுட்டி, மனிதர்கள் இந்த உதறலை அடக்கிக்கொள்வதால்தான் அதிர்ச்சி உள்ளேயே தங்கி மனவடுவாகிறது என்று வாதிட்டார். மத்திய கிழக்கிலும் ஆப்பிரிக்காவிலும் போர்ப் பகுதிகளில் பணியாற்றிய டேவிட் பெர்செலி இதை ஒரு பயிற்சியாகவே அமைத்தார். சில எளிய அசைவுகளால் கால் தசைகளைக் களைப்பாக்குவது, பிறகு மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இருபுறமும் சரியவிடுவது. சிறிது நேரத்தில் தொடையில் தானாக ஓர் அதிர்வு தொடங்கும். அதைத் தடுக்காமல் சில நிமிடங்கள் விட வேண்டும். போதும் என்றால் காலை நீட்டிவிட்டால் நின்றுவிடும்.

இதை எல்லா நோய்க்கும் மருந்தாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், கடும் மனவடு உள்ளவர்களும் தெரிந்தவர் துணையின்றி, மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் போகத்தான் வேண்டும்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குண்டு விழும் நேரத்தில் பதுங்குமிடத்தில் இருந்தபோது பெர்செலி கண்டதாகச் சொல்வது இது: குழந்தைகள் வெளிப்படையாக நடுங்கினார்கள், பெரியவர்கள் நடுங்கவில்லை. குழந்தைகள் பயந்துவிடக் கூடாதென்று பெரியவர்கள் அடக்கிக்கொண்டிருந்தார்கள். நடுக்கம் உடலுடையது. அதை அடக்குவது சமூகம் கற்றுக்கொடுப்பது. அப்படியானால், எந்தச் சமூகம் யாருடைய நடுக்கத்தை எதற்காக அடக்கியது என்று கேட்க வேண்டும். அங்கேதான் இது மருத்துவத்தைத் தாண்டி வரலாறாகிறது.

நான்காவது அச்சம்

தமிழ் இலக்கணம் இந்தக் கேள்விக்கு எப்போதோ வாசல் திறந்து வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. மெய் என்றால் உடல். உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளுக்குப் பிறகு தரும் இன்னொரு நீண்ட பட்டியலை ‘நடுக்கு’ என்பதோடுதான் தொல்காப்பியர் முடிக்கிறார். அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்து, தன்னை ஆள்பவனுக்கு அஞ்சுவது.

இந்த நான்காவது அச்சத்தின் மீதுதான் தஞ்சை வேளாண்மை நின்றது. வெட்டாறும் வெண்ணாறும் கோரையாறும் பாயும் இந்த மண்ணில் மூன்று அச்சங்களும் வந்து போகும். ஆண்டை மட்டும் போவதில்லை. பண்ணையாள் காலையில் கண் விழிக்கும்போதும் அவர் இருந்தார், இரவு களத்தில் காவல் படுத்திருக்கும்போதும் இருந்தார். வேலைக்குப் பிந்தினால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றுவதுதான் சாணிப்பால். இதை இளைய மாணவர்கள் உருவகம் என்று நினைத்துவிடக் கூடாது. எழுதிக் கையெழுத்திட்டு நிறுத்த வேண்டிய அளவுக்கு அது நடைமுறையில் இருந்த தண்டனை. 1943இல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற சேரி இளைஞர்களும் கட்டிய விவசாயிகள் சங்கம், 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தின் வழியாகத்தான் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது.

சவுக்கு ஓங்கும்போது ஒரு மனித உடல் செய்ய விரும்புவது இரண்டு: ஓடுவது, அல்லது ஓங்கிய கையைப் பிடிப்பது. பண்ணையாளுக்கு இரண்டும் இல்லை. ஓடினால் எங்கே போவது? குடியிருக்கும் மனைக்கட்டே ஆண்டையுடையது. கையைப் பிடித்தால் சேரிக்கே தீ. ஆக, எஞ்சியது உறைந்து நிற்பது மட்டும். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, வாயைப் பொத்தி நிற்பது.

இந்த நிலைக்குத் தமிழில் சரியான சொல் உண்டு. ஒடுங்குதல். அதிலிருந்து வந்ததுதான் ‘ஒடுக்கப்பட்டோர்’ என்ற சொல். நாம் மேடையில் ஆயிரம் முறை சொல்லும் இந்தச் சொல் முதலில் ஓர் உடல் நிலையைக் குறிப்பது. சுருங்க வைக்கப்பட்டவர்கள், மூச்சும் தசையும் குறுக வைக்கப்பட்டவர்கள். ஆண்டை முன்னால் நம் பாட்டன்மார் நடுங்கி நின்றார்கள் என்று சொல்வது வழக்கம். ஒடுங்கி நின்றார்கள் என்று சொல்வதே சரி. முழுதாக நடுங்கி முடிக்க அவர்களுக்கு யாரும் நேரம் தரவில்லை. நடுக்கம் முடிந்தால் உடல் நிமிரும். நிமிர்ந்த உடல் பண்ணைக்கு ஆகாது.

யாருடைய நடுக்கம் நோயானது

உலகம் நடுங்கும் உடலை எப்படிப் பார்த்தது என்பதையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து வந்த சிப்பாய்கள் உடல் முழுக்க உதறியபடி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915இல் அதைக் குண்டதிர்ச்சி என்று எழுதினார். ஜெர்மனியில் அவர்களைப் ‘போர் நடுங்கிகள்’ என்று அழைத்து, மின்சாரம் பாய்ச்சி மறுபடி போர்முனைக்கு அனுப்பப் பார்த்தார்கள். கோழைத்தனம், ஓடிப்போதல் முதலான குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற தன் சொந்தச் சிப்பாய்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் அமைப்பாகத் திரண்டு கேட்ட பிறகே, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் முறையாகச் சேர்த்தது. மனவடு ஒரு நோயாக ஏற்கப்பட்டதே போராட்டத்தின் விளைவுதான். அமைப்பாகத் திரள முடிந்தவர்களின் நடுக்கம் கோழைத்தனம் என்ற பெயரிலிருந்து விடுபட்டது.

வெண்மணிக்கு என்ன கிடைத்தது? 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியதை நாம் அறிவோம். அதை உடலின் பார்வையிலிருந்து மறுபடி படியுங்கள். மிராசுதாரின் உடல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று யோசிக்க நீதிமன்றத்துக்கு நேரம் இருந்தது. குடிசைக்கு வெளியே நின்ற உடல்களுக்கு என்ன நேர்ந்தது என்பது கேள்வியாகவே எழவில்லை.

இந்தியாவின் தேசிய மனநலத் திட்டம் வந்ததே 1982இல். மாவட்ட அளவில் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது 1996இல். வெண்மணித் தீயைப் பார்த்த ஒரு குழந்தைக்கு 1996இல் நாற்பது வயதை நெருங்கியிருக்கும். அதுவரை அந்த உடல் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

இன்னொரு ஒப்பீடும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் இதே நாகை மாவட்டத்தில் கடல் ஏறி வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தார்கள். அப்போது ஆற்றுப்படுத்துநர்கள் வந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்தன. குழந்தைகளை விளையாட வைத்தார்கள், வரைய வைத்தார்கள். அது தேவை, நல்ல காரியம். அந்த முகாம்களிலும் நிவாரணத்திலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்பதும் அன்றே ஆவணமாயிற்று. நாங்கள் கேட்பது இதுதான்: கடல் செய்த பேரழிவுக்கு மனவடு உண்டு என்று அரசும் சமூகமும் ஒப்புக்கொண்டன. சாதி செய்யும் பேரழிவுக்கு அது உண்டு என்று ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்?

ஆட அனுமதிக்கப்பட்ட ஓர் இரவு

அப்படியானால் தலைமுறை தலைமுறையாக இந்த உடல்கள் எப்படித் தாக்குப்பிடித்தன? நாங்கள் சேரியின் திருவிழாவைப் பார்க்கச் சொல்கிறோம்.

ஆண்டு முழுக்க ஒடுங்கி நிற்கும் உடல், ஓரிரவு மாரியம்மன் கோயில் வாசலிலோ வீரன் திடலிலோ நடுங்குகிறது. தப்பு முழங்குகிறது, பம்பையும் உடுக்கையும் சேர்கின்றன. முதலில் விரல், பிறகு தோள், பிறகு முதுகெலும்பு முழுக்க உதறல். அருள் வந்துவிட்டது என்கிறார்கள். நேற்று வரை வாய் பொத்தி நின்றவர் இப்போது அதட்டிப் பேசுகிறார். ஊர் கேட்கிறது.

யார் வந்து இறங்குகிறார்கள் என்று பாருங்கள். காவிரிக் கரையில் வழங்கும் காத்தவராயன் கதையில், சாதியின் எல்லை கடந்து ஆரியமாலையை விரும்பியவன் கழுமரத்தில் ஏறுகிறான். மதுரைவீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டது. கொல்லப்பட்டவர்கள்தான் தெய்வங்களாகி நம் உடலில் இறங்குகிறார்கள். இன்று ஆணவக் கொலை என்று நாம் பெயரிடும் குற்றத்தின் பழைய நினைவு, ஏட்டில் இடம் கிடைக்காததால், நடுங்கும் உடலில் குடியேறியிருக்கிறது. பெருங்கோயில் கருவறையில் அர்ச்சகரின் உடல் அசையாது. அசையாமை அங்கே தூய்மை. நடுங்குவது எல்லைக்கு வெளியே இருக்கும் தெய்வங்களின் குணமாக வைக்கப்பட்டது. உடல் ஆடும் விதத்திலும் சாதி வரப்பு கட்டியிருக்கிறது.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒருவர் இருக்கிறார். தப்படிப்பவர். அவர் பெரும்பாலும் ஆடுவதில்லை. ஆனால் எந்த அடியில் உடல் உதறத் தொடங்கும், எப்போது வேகம் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் தணிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். தோலை நெருப்பில் வாட்டி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்து நிற்கும் அந்த மனிதர், ஒரு நடுக்கத்தைத் தொடங்கி, நடத்தி, முடித்துவைக்கும் நுட்பம் தெரிந்தவர். ஆடுகிறவர் விழாமல் இருபுறமும் ஆட்கள் தாங்குகிறார்கள். கடைசியில் கற்பூரம், மஞ்சள் நீர். சாமி மலையேறுகிறது. ஆடியவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். தொடக்கம், தாங்கும் கைகள், நிறுத்தும் வழி, பிறகு ஓய்வு. பாதுகாப்பான நடுக்கத்துக்கு இன்றைய பயிற்சியாளர்கள் விதிக்கும் நிபந்தனைகள் எல்லாம் அந்தத் திடலில் இருந்தன. அந்த அறிவை வைத்திருந்தவரை ஊர் வைத்தியர் என்று அழைக்கவில்லை. வெட்டியான் என்றது, தீண்டாதே என்றது.

இங்கே பகுத்தறிவுத் தோழர்கள் எங்களைக் கேட்பார்கள்: நீங்கள் மூடநம்பிக்கைக்குப் பட்டுத்துணி போர்த்துகிறீர்களா? நியாயமான கேள்வி. அம்பேத்கரும் பெரியாரும் கற்பித்த பாதையில் வந்தவர்கள் நாங்கள். சாமி வருகிறது என்பது நம்பிக்கை, அதை நாங்கள் ஏற்கவில்லை. உடல் உதறுகிறது என்பது நம் கண் முன்னால் நடப்பது, அதை மறுக்க முடியாது. நடப்பதற்கு நம்பிக்கை சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட்டு, நடப்பதைக் கவனிப்பதுதான் பகுத்தறிவு.

அந்த ஓரிரவின் எல்லையையும் மறக்கக் கூடாது. விடிந்ததும் அதே மனிதர் அதே வயலில் அதே கூலிக்கு நின்றார். ஓரிரவு நிமிர்வதற்குத் தந்த அனுமதி, மீதி நாட்களின் வளைவைத் தாங்க வைத்தது என்றும் சொல்லலாம். அருள் பேயாக மாறும் இடமும் உண்டு. ஆண் ஆடினால் சாமி, மணமாகாத பெண்ணோ புகுந்த வீட்டில் நொந்த பெண்ணோ ஆடினால் பேய் என்று சொல்லிச் சாட்டையால் அடித்திருக்கிறார்கள். கோயில், தர்கா, மாதா கோயில் என்று எந்த வாசலும் இதற்கு விலக்கில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். கூரை எரிகிறது, ஓட முடியாது. வெண்மணியில் கதவை அடைத்து வெளியே நின்றது சாதி. ஏர்வாடியில் சங்கிலி. நடுங்கும் உடலைக் கட்டிப்போடும் எந்த வைத்தியமும் வைத்தியம் ஆகாது.

பறையும் வாக்கும்

பறையின் வரலாறு நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று திணிக்கப்பட்ட காலம் இருந்தது. அதை மறுத்து, இனி அடிக்க மாட்டோம் என்று நம் முன்னோர் குச்சியைக் கீழே போட்ட காலம் வந்தது. அந்த மறுப்பு அவசியமானது. இழிவு வேலையிலிருந்து கையை எடுப்பதும் உடலின் விடுதலைதான். பிறகு, நம் விருப்பத்தில் அதை மறுபடி கையில் எடுத்தோம். திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தூக்கினார்கள். ஆண்களுக்கும் சாவுக்கும் மட்டும் உரியதாக இருந்த கருவி, பெண்களின் தோளில் ஏறி மேடைக்கு வந்தது.

பறைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கவனியுங்கள். முதல் நாள் தோள் உயர்ந்து கழுத்துக்குள் புதைந்திருக்கும். கல்லூரி விடுதியில், வகுப்பறையில், நேர்முகத் தேர்வில் ஒடுங்கி ஒடுங்கிப் பழகிய தோள்கள். நாலைந்து நாள் காலைத் தூக்கிக் குதித்து அடித்த பிறகு மூச்சு ஆழமாகிறது. சிலர் காரணம் தெரியாமல் அழுகிறார்கள், சிலருக்குக் கால் உதறுகிறது. அவர்களைக் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்காரும் ஒரு தோழர் இருந்தால் போதும். தெய்வத்தின் பெயர் இல்லாமலே நடுக்கத்தைத் தாங்கும் திடல் ஒன்றை நாம் உருவாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கடல் தாண்டியும் ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் 1990களில் ஆய்வு செய்த மானுடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரைத் தேடி வந்ததைப் பதிவு செய்தார். காவல் நிலையத்தில் கேட்க முடியாது, நீதிமன்றத்தில் கேட்க முடியாது, தெருவில் உரக்க அழக்கூட முடியாது. வாக்குச் சொல்பவரின் நடுங்கும் உடல் முன்னால் மட்டும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்க முடிந்தது. சித்திரவதைப்பட்டவர்களின் வலியை வாக்குச் சொல்வோர் தங்கள் உடலில் உணர்ந்ததாகவும் அவர் எழுதினார். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதர்களோடு முழுச் சமூகத்தையும் வடுப்படுத்துகிறது என்றும், ஆற்றுதலும் சமூகத்தின் மட்டத்தில், அதன் சொந்த வழக்கங்களையும் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றும் தொடர்ந்து வலியுறுத்தினார். ஒரு சேரி முழுவதற்கும் நேர்ந்ததை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து மாத்திரை எழுதிக் கொடுத்து மட்டும் ஆற்றிவிட முடியாது என்பதை நாமும் அங்கிருந்து கற்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை

வன்கொடுமை நடந்த ஊருக்கு முதலில் போகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான், செயற்பாட்டாளர்களும் மாணவர்களும். அங்கே ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தால் ‘தைரியமா இருங்க, நடுங்காதீங்க’ என்று சொல்லாதீர்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் உட்கார வையுங்கள், போர்த்துங்கள், தண்ணீர் கொடுங்கள், அவர் ஒப்புக்கொண்டால் தோளில் கை வையுங்கள். நடுக்கம் தானாக முடியட்டும். அதன் பிறகு வாக்குமூலம் கேட்கலாம். நாள் கணக்கில் நிற்காமல் தொடர்ந்தாலோ, தூக்கம் போனாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இரண்டாவது, அதைப் பதிவு செய்யுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் யார் என்பதை வரையறுக்கும்போது உடல் தீங்கோடு மன, உளவியல், உணர்வுத் தீங்கையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நாம் தயாரிக்கும் உண்மை அறியும் அறிக்கைகளில் எரிந்த வீடுகளின் கணக்கு இருக்கிறது, உடைந்த வண்டிகளின் கணக்கு இருக்கிறது. தூங்க முடியாத குழந்தைகளின் கணக்கு இல்லை. பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில் ஒளியும் கிழவியைப் பற்றிய வரி இல்லை. சட்டம் கொடுத்த சொல்லை நாம் பயன்படுத்தாவிட்டால் வேறு யார் பயன்படுத்துவார்கள்?

மூன்றாவது, நம்மைப் பற்றியது. கொலை நடந்த ஊர்களுக்கு வாரம் ஒருமுறை போய், சடலங்களைப் பார்த்து, அறிக்கை எழுதி, விடிவதற்குள் அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குத் துண்டறிக்கை அடிக்கும் தோழர்களின் உடலும் ஒடுங்குகிறது. இயக்கத்தில் இருப்பவர் நடுங்கக் கூடாது என்ற வீம்பு, ஆண்டையிடமிருந்து நாம் கடன் வாங்கியது. கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் பறையோ பாட்டோ ஓட்டமோ, அல்லது வெறுமனே சேர்ந்து உட்காருவதோ, இயக்க வேலையின் பகுதியாக வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உடலை உதறினால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு அந்த உடல் எந்த வயலுக்குப் போகும், என்ன கூலிக்கு, யாருடைய தெரு வழியாக? போர் முடிந்த சிப்பாய் வீடு திரும்பினான். சேரிக்காரருக்கு வீடே போர்முனைக்குள் இருக்கிறது. நேற்றைய அச்சத்தை நடுக்கம் தளர்த்தும். நாளைய அச்சத்தை நிலமும் கூலியும் சட்டமும் அமைப்பும்தான் தடுக்கும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட நாம் இடம் கொடுக்கக் கூடாது. வெண்மணி மக்கள் கேட்டது அரைப்படி நெல். அந்த அரைப்படி உடலுக்கான கோரிக்கைதான்.

உதறல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. அச்சத்தில் உடல் தானாக ஆடுவதும் உதறல். ஒட்டியிருக்கும் தூசியை நாமாகத் தட்டி விடுவதும் உதறல். கக்கத்தில் இடுக்கிய துண்டை ஒரு நாள் உதறித் தோளில் போட்டுக்கொண்டார்களே நம் பாட்டன்மார், சங்கத்தின் கொடி ஏறிய அந்த நாட்களில் அவர்களுடைய கைகளும் உதறியிருக்கும். அந்த உதறலோடுதான் துண்டு தோளுக்குப் போனது.

வெண்மணி ஈகியர் 44 பேருக்கும் வீரவணக்கம். ஜெய் பீம்.